காளான் டப்புக்கும் மூச்சு வேண்டும்

டப்பின் மூடியைத் திறக்கிறீர்கள். உள்ளே காளான் வந்திருக்கிறது. சந்தோஷம்தான், ஆனால் கடையில் பார்த்த மாதிரி இல்லை. தண்டு மட்டும் விரல் நீளத்துக்கு ஒல்லியாக வளர்ந்திருக்கிறது. உச்சியில் தொப்பி சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் இருக்கிறது. அடியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினால், "இதை எப்படிம்மா காசு கொடுத்து வாங்குறது?" என்கிறார். வைக்கோல், வித்து, இருபது நாள் உழைப்பு எல்லாம் போச்சு. உடனே வித்து கொடுத்தவர் மேல் கோபம் வரும்.

கொஞ்சம் பொறுங்க. பெரும்பாலும் வித்து மேல் தப்பு இருக்காது. டப்புக்குள் இருந்த காற்று பழசாகிவிட்டது, அவ்வளவுதான்.

எனக்கே இது நடந்திருக்கிறது. முதல் தடவை டப் போட்டபோது, ஈரம் போய்விடுமோ என்ற பயத்தில் மூடியை இறுக்கி அடைத்து வைத்தேன். உள்ளே வந்த காளான் எல்லாம் தீக்குச்சி மாதிரி இருந்தது. ஆனால் மூடி ஓரத்தில் இருந்த சின்ன வெடிப்பு வழியாக மூன்று காளான் வெளியே வந்திருந்தது. அந்த மூன்று மட்டும் நல்ல சிப்பி வடிவத்தில் அகலமாக விரிந்திருந்தது. ஒரே வித்து, ஒரே வைக்கோல், ஒரே தண்ணீர். உள்ளே இருந்ததற்குக் காற்று இல்லை, வெளியே வந்ததற்கு இருந்தது. எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

காளான் செடி இல்லை

செடி பகலில் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைக் கொடுக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். காளானையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். காளான் ஒரு பூஞ்சை. நம்மைப் போல ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடுகிறது. வைக்கோலைத் தின்று வளரும் வெள்ளை இழைகளும் அப்படியே. அதனால் மூடிய டப்புக்குள் கரியமில வாயு நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டே போகும். அது சாதாரணக் காற்றைவிடக் கனமானது. அசைவில்லாத டப்புக்குள் படுக்கையின் மேலேயே தேங்கி நிற்கும்.

திறந்த வெளியில் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 420 பங்கு கரியமில வாயு. சிப்பிக்காளான் நன்றாக விரிய இது 1000-க்குக் கீழே இருக்க வேண்டும். இதைத் தாண்டினால், "நான் இன்னும் மண்ணுக்குள், வைக்கோலுக்குள் புதைந்திருக்கிறேன், இன்னும் மேலே போக வேண்டும்" என்ற நிலையில் காளான் தண்டை நீட்டிக்கொண்டே போகும். தொப்பியை விரிக்காது. காட்டில் அழுகும் மரத்துக்குள்ளிருந்து வெளியே வர அதற்கு உதவுகிற குணம் இது. டப்புக்குள் அதுவே நமக்கு நஷ்டம்.

ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் குழம்புவார்கள். வித்து போட்ட முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இழைகள் வைக்கோலில் பரவும் அந்தக் காலத்தில் கரியமில வாயு பல மடங்கு அதிகமாக இருந்தாலும் அவை தாங்கும். அப்போது டப்பை அடிக்கடி திறந்தால் லாபம் எதுவும் இல்லை. வேறு பூசணமும் ஈயும் உள்ளே நுழையத்தான் வழி பிறக்கும். அதனால் முதலில் அடைத்து வைக்கணும், பிறகு திறந்து விடணும். எப்போது மாறுவது? வைக்கோல் முழுக்க வெள்ளையாகி, மேலே கடுகு அளவு மொட்டுகள் தெரிந்த அன்றைக்கு. "நாளைக்குப் பார்ப்போம்" என்று இரண்டு நாள் விட்டாலே தண்டு நீள ஆரம்பித்துவிடும். நீண்டது நீண்டதுதான், பிறகு எவ்வளவு காற்று கொடுத்தாலும் அது குட்டையாகாது. அடுத்த அறுவடையில்தான் சரிசெய்ய முடியும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுக்கும் பாலிதீன் பை முறையிலும் இது இருக்கிறது. பையின் நடுவில் ஒரு சென்டிமீட்டர் அளவில் இரண்டு துளை போடச் சொல்வார்கள். இழை பரவி முடிந்ததும் பையைக் கிழித்து எடுத்துவிடுவார்கள். முதல் கட்டத்துக்கு இரண்டு சின்னத் துளை போதும், இரண்டாம் கட்டத்துக்கு முழுப் படுக்கையும் திறந்த காற்றில் நிற்க வேண்டும். பை முறையிலிருந்து டப் முறைக்கு மாறியவர்களில் பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாம் கட்டத்தைத்தான். பையைக் கிழிக்கலாம், டப்பைக் கிழிக்க முடியாதே!

காளான் எங்கே வரப்போகிறது?

துளை போடுவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். டப் முறை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, பக்கெட் வகை. வைக்கோலை விளிம்பு வரை அமுக்கி நிரப்பி மூடிவிடுவோம். பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டர் துளைகளை ஒரு சாண் இடைவெளியில், மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நேர் வராமல் மாற்றி மாற்றிப் போடுவோம். காளான் துளை வழியாக வெளியே கொத்தாக வரும். இதில் காளான் மூச்சு விடுவது டப்புக்குள் இல்லை, உங்கள் அறையில். ஆகவே அறைக்குக் காற்றோட்டம் இருந்தால் போதும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான். தப்பு நடக்க வாய்ப்பு குறைவு.

இரண்டாவது, பெட்டி வகை. துணிமணி வைக்கும் மூடி போட்ட நீள்சதுரப் பெட்டி தெரியுமல்லவா, அதில் பாதி உயரத்துக்குப் படுக்கை. மேல் பாதி காலி. காளான் அந்தக் காலி இடத்தில் வளரும். பிரச்சினை எல்லாம் இந்த வகையில்தான். சுமார் 40 லிட்டர் பெட்டி என்றால் ஆறு துளை போடுங்கள். நீளப் பக்கங்களில் இரண்டிரண்டு, அகலப் பக்கங்களில் ஒவ்வொன்று. துளை ஒவ்வொன்றும் நாலைந்து சென்டிமீட்டர் அகலம். நீளப் பக்கத் துளைகளைப் படுக்கையின் மேல்மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே போட வேண்டும், தேங்கிய கனமான காற்று அங்கேதான் வெளியேற வேண்டும். அகலப் பக்கத் துளைகளை மூடிக்குக் கொஞ்சம் கீழே போடுங்கள். கீழும் மேலும் வழி இருந்தால் காற்று தானாக நகரும்.

பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். அது பாலிபுரோப்பிலீன், கொதிநீரில் வேகவைத்த வைக்கோலின் சூட்டைத் தாங்கும். பெயின்ட், பூச்சிமருந்து வந்த டப் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். துளையை டிரில்லில் போடுவது நல்லது. கம்பியைப் பழுக்கக் காய்ச்சிப் போடுவதென்றால் வாசலில் வைத்துச் செய்யுங்க, பிளாஸ்டிக் புகை வீட்டுக்குள் வேண்டாம்.

துளையை அப்படியே திறந்து விடவும் கூடாது. இழை பரவும் காலத்தில் மருந்துக் கடையில் கிடைக்கும் காகித டேப்பை, மைக்ரோபோர் என்று கேட்டால் தருவார்கள், இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். காற்று கசியும், ஈ நுழையாது. மொட்டு வந்ததும் டேப்பை உரித்துவிட்டுத் தலையணைப் பஞ்சை லேசாகப் பொய்த்து வையுங்கள். அடைப்பதற்கு இல்லை, வடிகட்டுவதற்கு. அதன் மேல் கொசுவலைத் துண்டு ஒன்று. காளான் படுக்கையைக் கெடுக்கும் சின்னக் கறுப்பு ஈக்கள் அந்த வாசனைக்கு எங்கிருந்தோ வந்துவிடும்.

திருப்புல்லாணிக் காற்று

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனால் ராமநாதபுரத்துக் கடற்கரைக்கு என்று தனிச் சங்கடம் ஒன்று இருக்கிறது.

ராமர் தர்ப்பைப் புல்லை அணையாக விரித்துப் படுத்த இடம் என்பதால் திருப்புல்லாணி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்கள் சயனக் கோலத்தில் ராமரைப் பார்த்திருப்பீர்கள். புல் படுக்கைக்குப் பேர்போன ஊரில் வைக்கோல் படுக்கைக்குப் பஞ்சம் இல்லை. மானாவாரி நெல் அறுப்பு முடிந்ததும் தை, மாசியில் படப்பு படப்பாக வைக்கோல் குவிந்திருக்கும். மழையில் நனையாத, மஞ்சள் நிறம் மாறாத புது வைக்கோல்தான் காளானுக்கு வேண்டியது. ஆக மூலப்பொருள் கையில் இருக்கிறது. பிரச்சினை காற்றிலும் தண்ணீரிலும்.

காளானுக்கு நூற்றுக்கு 80 முதல் 90 வரை ஈரப்பதம் உள்ள காற்று வேண்டும். புதுக் காற்றை உள்ளே விட்டால் ஈரம் போகிறது, ஈரத்தைக் காக்க மூடினால் காற்று கெடுகிறது. எல்லா ஊரிலும் இந்த இழுபறி உண்டு. இங்கே அது பருவத்துக்கு ஒரு மாதிரி மாறும். ஐப்பசி முதல் தை வரை வாடைக் காற்று, மழை. காற்றிலேயே ஈரம் இருக்கும். அப்போது தாராளமாகத் திறந்து விடலாம். ஆனி, ஆடியில் மேல்காற்று, கடலோரத்தில் கச்சான் என்கிறார்களே அது, வறண்டு சூடாக அடிக்கும். அந்தக் காற்றை நேராக டப் மேல் விட்டால் மொட்டு ஒரு மதியத்தில் மஞ்சளாகிச் சுருங்கிவிடும்.

இதற்கு விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை. டப் இருக்கும் அறையின் ஜன்னலுக்கு வெளியே சணல் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டு நனைத்து வையுங்கள். வரும் காற்று அதன் வழியாக ஈரத்தோடும் கொஞ்சம் குளிர்ந்தும் வரும். எதிர்ப்பக்கத்தில் காற்று வெளியேற ஒரு வழி இருக்க வேண்டும், இல்லையென்றால் சாக்கு நனைத்தும் பயனில்லை. தரையில் இரண்டங்குலம் ஆற்று மணல் பரப்பி நனைத்து வைப்பதும் பழைய, நல்ல முறை. ஓலைக் கொட்டகை இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் இல்லை. கான்கிரீட் அறையை விட ஓலைக்குள் காற்று தானாக மூச்சு விடும்.

பெட்டி வகைக்கு இன்னொன்று. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை மூடியைத் திறந்து விசிறுங்கள். பனை ஓலை விசிறி நம்ம ஊரில் கிடைக்காததா என்ன! அரை நிமிடம் மெதுவாக விசிறினால் உள்ளே தேங்கியது வெளியேறிவிடும். அதன் பிறகு கைத்தெளிப்பானில் பனி மாதிரி தண்ணீர் தெளித்து, பத்து நிமிடம் விட்டு மூடியை ஒரு விரல் இடைவெளியோடு மூடுங்கள். தெளித்த உடனே இறுக்கி மூடினால் தொப்பி மேல் நீர்ப்படலம் நிற்கும், அதில் பாக்டீரியா வந்து பழுப்புப் புள்ளி விழும். மேசை விசிறியைத் திருப்பி வைப்பது சோம்பேறி வழி. காற்று மாறும், கூடவே படுக்கையும் காய்ந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இந்தப் பக்கத்து நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் வைக்கோல் ஊறவைத்தாலும் தெளித்தாலும் இழை தளர்ந்துவிடும். காவிரிக் கூட்டுக் குடிநீரோ பிடித்து வைத்த மழைநீரோ பயன்படுத்துங்கள். குடிக்க முடியாத தண்ணீர் காளானுக்கும் வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் என்ன செய்வது? சிப்பிக்காளானுக்கு ஏற்றது 20 முதல் 30 டிகிரி வரை. ராமநாதபுரத்துக் கோடையில் எவ்வளவு காற்று கொடுத்தாலும் அது சோர்ந்துபோகும். அந்த மாதங்களுக்குப் பால் காளான் இருக்கிறது. 30 முதல் 35 டிகிரியில் நன்றாக வரும். 1974-ல் மேற்கு வங்கத்தில் இந்த இனத்தை அறிவியல் உலகுக்கு விவரித்தார்கள். நம் பக்கத்து விவசாயிகளுக்கு ஏற்ற ஏ.பி.கே. 2 ரகத்தை 1990-களின் பிற்பகுதியில் கொடுத்தது பக்கத்து மாவட்டத்து அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையம். நம்மைப் போலவே வெயில் காயும் ஊரில் பிறந்த ரகம் என்பதை நான் ஒரு தகுதியாகவே பார்க்கிறேன். பால் காளானுக்கு டப் இன்னும் வசதி. இழை பரவி முடிந்ததும் மேலே இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஆவியில் வேகவைத்த மண்ணைப் பரப்பிவிட்டால் எட்டு, பத்து நாளில் மொட்டு முளைக்கும். அதிலிருந்து மூடியே வேண்டாம், நனைந்த துணி வலையை மட்டும் டப்பின் வாய்க்கு மேலே தொடாமல் கட்டுங்கள். பறித்த பிறகு சிப்பியைவிடக் கூடுதல் நாள் கெடாமல் இருக்கும் என்பது விற்கிறவர்களுக்கு நிம்மதி.

காளானே சொல்லும்

போனில் இருக்கும் எந்தச் செயலியும் டப்புக்குள் இருக்கும் கரியமில வாயுவை அளந்து சொல்லாது. ஆனால் போன் கேமரா உதவும். தினமும் காலையில் ஒரே இடத்திலிருந்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். நான்கு நாள் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் காற்று போதுமா என்று தெரிந்துவிடும்.

தொப்பியைவிடத் தண்டு வேகமாக வளர்கிறதா, தண்டின் அடியில் வெள்ளைப் பஞ்சு படர்கிறதா, தொப்பி புனல் மாதிரி மேல்நோக்கிக் குவிகிறதா, காளான் துளைப் பக்கமாகவே தேடிப் போகிறதா? காற்று போதவில்லை. தொப்பி ஓரம் வெடிக்கிறதா, மொட்டு காய்ந்து மஞ்சளாகிறதா, படுக்கையின் மேல் தொட்டால் மொரமொரப்பாக இருக்கிறதா? காற்று அதிகம், ஈரம் குறைவு.

ஒரு சிக்கல் உண்டு. வெளிச்சம் போதாவிட்டாலும் தண்டு நீளும். இதைப் பிரித்துப் பார்ப்பது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. அறையில் பகலில் செய்தித்தாள் படிக்கிற அளவு வெளிச்சம் இருந்தால் அது போதும், வெயில் நேராகப் படக் கூடாது. அந்த வெளிச்சம் இருந்தும் தண்டு நீண்டால் குற்றவாளி காற்றுதான்.

பச்சைப் பூசணம் தெரிந்தால் காற்றால் தீர்க்கப் பார்க்காதீர்கள். டப்பை வெளியே தூரமாகக் கொண்டுபோய்க் கொட்டி, கழுவி, வெயிலில் காயவைத்துவிட்டு அடுத்த படுக்கைக்குத் தயாராகுங்கள்.

உங்கள் மூச்சும் முக்கியம்

இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஆனால் முக்கியத்துவத்தில் கடைசி இல்லை. சிப்பிக்காளான் முற்றினால் கண்ணுக்குத் தெரியாத வித்துத் தூளைக் கோடிக்கணக்கில் காற்றில் விடும். அதைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் வரும். காளான் பண்ணைத் தொழிலாளர்களிடம் மருத்துவ உலகம் நெடுநாளாகக் கண்டிருக்கும் நுரையீரல் ஒவ்வாமை இது. ஆரம்பத்தில் சளி என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அதனால் படுக்கையறையில் டப் வைக்காதீர்கள். ஒற்றை அறை வீடு என்றால் தாழ்வாரமோ கொட்டகையோ பாருங்கள், அதுவும் இல்லையென்றால் வீட்டில் வளர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். டப்பிலிருந்து வெளியேறும் காற்று வீட்டுக்குள் வராமல் வெளியே போகிற மாதிரி வையுங்கள். தொப்பி ஓரம் இன்னும் கொஞ்சம் உள்நோக்கி வளைந்திருக்கும்போதே பறித்துவிடுங்கள், எடையும் ருசியும் அப்போதுதான் நன்றாக இருக்கும், தூளும் பறக்காது. பறிக்கும்போது முகக்கவசம் போடுங்க. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள், சின்னக் குழந்தைகள் அந்த அறைப் பக்கம் போக வேண்டாம். விறகடுப்பு, பைக் நிறுத்தும் இடம் பக்கத்தில் டப் இருக்கவும் கூடாது. புகை காளானையும் கெடுக்கும்.

யாரைக் கேட்பது?

ராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. காளான் பயிற்சி எப்போது நடக்கிறது, நம்பிக்கையான வித்து எங்கே கிடைக்கும் என்று அங்கே கேட்கலாம். கோயம்புத்தூரில் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறை காளான் வளர்ப்புக்கு ஒருநாள் பயிற்சி நடத்துகிறது. மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் திருப்புல்லாணி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில், வாழ்வாதார இயக்கப் பணியாளர்களிடம் பயிற்சி, கடன் பற்றி விசாரியுங்கள். உழவன் செயலியில் உங்கள் வட்டாரத்து அலுவலர் யார், மானியத் திட்டங்கள் என்ன, நாளைக்கு வானிலை எப்படி என்று பார்க்கலாம். வானிலை காளான்காரருக்கு வீண் தகவல் இல்லை, நாளைக்கு சாக்கை எத்தனை முறை நனைக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

அவசரச் சந்தேகத்துக்கு கிசான் கால் சென்டர், கட்டணமில்லா எண் 1800-180-1551. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம். அழைப்பதற்கு முன் ஐந்து விஷயத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தக் காளான், வித்து போட்ட தேதி, மொட்டு வந்த தேதி, டப்பில் எத்தனை துளை, ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறீர்கள். அந்த நான்கு நாள் படங்களும் கையில் இருக்கட்டும். அலுவலர் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் அனுப்பிவிடலாம்.